யாருக்கு எத்தனை ஏக்கர்?

ஹைதராபாத்தின் பஞ்சாரா ஹில்ஸுக்குப் பெயர் தந்தவர்கள் பஞ்சாரா பழங்குடியினர். அங்கே அவர்களுக்கென்று அரசு கட்டிய பவன் 2022 செப்டம்பரில்தான் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே ஆதிவாசிகளுக்கும் ஒன்று.

செல்வாக்குள்ள சமூகங்கள் முந்திக்கொண்டன. 2021 ஜூனிலேயே வேலமா, கம்மா சங்கங்களுக்குத் தலா 5 ஏக்கர் ஒதுக்கியது தெலங்கானா அரசு. இடம், ஐ.டி. நிறுவனங்கள் சூழ்ந்த கானாமெட். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பொதுநல வழக்குப் போட, 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு பட்டியலில் கை வைத்தது. மாநகராட்சி எல்லைக்குள் எம்.எல்.ஏ.க்கள், அதிகாரிகள், நீதிபதிகள், பத்திரிகையாளர்களின் வீட்டுவசதிச் சங்கங்களுக்குச் சலுகையாகத் தந்த நிலமும் ரத்து.

சங்கங்கள் நடத்தும் மாணவர் விடுதியும் மண்டபமும் பயனுள்ளவையே. அளவுகோல் தேவையா, செல்வாக்கா? அதை அரசு முன்கூட்டியே எழுதிவைத்தால், கோர்ட்டுக்கு வேலை மிச்சம்.