இரத்தம் ஒன்று, அடையாளம் வேறு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் என் வாசம். ஈராண்டுக்கு முன் ஒரு மாலையில், பழைய மாணவன் ஒருவனின் தந்தையார் கொட்டாஞ்சேனையிலிருந்து என்னைத் தேடி வந்தார். மகனுக்கு வெண்குருதிப் புற்றுநோய். பிறர் தரும் என்பு மச்சையே இனிக் கதியென்று வைத்தியர்கள் கூறிவிட்டனராம்.

"மாஸ்டர், அவனுக்கும் எனக்கும் ஒரே ஓ பொசிட்டிவ். பிறகேன் என்ர மச்சை சரிவராது எண்டு சொல்லுகினம்?" என்றார்.

முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் நான். ஆயினும் வகுப்பில் சொல்வதுபோல் ஒரு தந்தையிடம் அதைச் சொல்வது எளிதாயிருக்கவில்லை.

இவ்விடயத்தில் இரத்த வகை பெரிதன்று. சிகிச்சையின் பின் நோயாளியின் இரத்த வகையே கொடையாளியினுடையதாக மாறிவிடும். பொருந்தவேண்டியவை, ஆறாம் நிறமூர்த்தத்தில் அமைந்துள்ள எச்.எல்.ஏ. என்னும் பரம்பரை அலகுகள். அவை ஆக்கும் புரதங்களே கலங்களின் மேல் நின்று, 'இது நம் வீட்டார்' என்று காவற்கலங்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. அவற்றுள் முதலாவதை 1958 இல் கண்டறிந்த பிரெஞ்சு அறிஞர் ஜீன் டோசே, 1980 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவ்வலகுகளின் வடிவங்கள் பல்லாயிரம். எல்லாரும் ஒரே அடையாளம் தாங்கியிருப்பின் ஒரு கொள்ளைநோயே நம் குலத்தை வாரிக்கொண்டு போயிருக்கும் என்பர். அன்று காத்த வேற்றுமையே, கொடையாளியைத் தேடும் நாளில் இடராகின்றது.

சிறுநீரகத்தை மாற்றினால், வந்த விருந்தாளியை வீட்டுக்காரர் துரத்த முயல்வார். மச்சையை மாற்றும்போதோ, விருந்தாளியே காவற்படையோடு வருகிறார். வீட்டுக்காரரை அயலாரென்று கருதித் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கத் தொடங்கலாம். அமெரிக்காவில் 1988 முதல் 2003 வரை உறவல்லாத கொடையாளிகளிடமிருந்து பெற்ற 3,857 பேரை ஆராய்ந்து, 2007 இல் ஒரு கணக்கு வெளியிட்டனர். எட்டு அடையாளங்களும் பொருந்தியவர்களில் 52 சதவீதத்தினர் ஓராண்டின் பின் உயிரோடிருந்தனர். ஒன்றே ஒன்று பிழைத்தவர்களில் அது 43 சதவீதம். ஓர் எழுத்துப் பிழையின் விலை அது!

பிள்ளை தந்தையிடம் பாதியும் தாயிடம் பாதியும் பெறுவதால், தந்தை பாதிப் பொருத்தமே. உடன்பிறந்தார் ஒருவர் முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இவனுக்கு உடன்பிறந்தோர் இருவர்: அக்கை ரொறன்ரோவில், தம்பி லண்டனில். இருவரில் ஒருவரேனும் பொருந்த 44 சதவீத வாய்ப்பு என்று கணக்கிட்டு, நான்தான் தைரியம் சொன்னேன். இருவரும் பொருந்தவில்லை. கணக்கை வாய்விட்டுச் சொன்னதற்காகப் பின்னர் வருந்தினேன்.

உலகப் பதிவேடுகளில் நாலு கோடிக்கு மேற்பட்ட கொடையாளிகள் உளர். எனினும் மூதாதையர் வழியில் அண்மித்தவர்களிடமே பொருத்தம் எளிதிற் கிட்டும். அமெரிக்கப் பதிவேட்டைக் கொண்டு 2014 இல் மதிப்பிட்டபோது, ஐரோப்பிய வழி வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிட்டும் வாய்ப்பு 75 சதவீதம், தென்னாசியருக்கு 33. நம்மவர் பதிந்தது குறைவு. சென்னையில் 'தாத்ரி' என்னும் பதிவேடு தோன்றியதே 2009 இல்தான். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றிக் கொடுத்தாற் போதும். அதற்கும் நமக்குத் தயக்கம்! இவனுக்குப் பதிவேடுகளிலும் எவரும் அகப்படவில்லை.

இறுதியில் வைத்தியர்கள் தந்தையிடமே வந்தனர். பாதிப் பொருத்தமுள்ள மச்சையைச் செலுத்தி, மூன்றாம் நான்காம் நாட்களில் சைக்ளோபொஸ்பமைட் என்னும் மருந்தைக் கொடுப்பது ஒரு முறை. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியர்கள் அதனை வளர்த்தெடுத்தனர். தாக்கக் கிளம்பிய காவற்கலங்களை அம்மருந்து அழிக்கும், மூலக்கலங்களோ தப்பிவிடும். தந்தையும் மகனும் தென்னிந்தியா சென்று திரும்பினர்.

சென்ற மாதம் இருவரும் என் வீட்டுக்கு வந்தனர். பையனின் கைகளில் தோற்படை இன்னும் ஆறவில்லை. வெயில் படலாகாதென்று நீண்ட கைச்சட்டை அணிந்திருந்தான். தந்தையார் கதிரையில் அமரவும் இல்லை.

"நான் அண்டைக்கே சொன்னனான், மாஸ்டர், என்ரதை எடுங்கோ எண்டு" என்றார்.