'டைமண்ட் ஃப்ரீ' என்று ஒரு தம்ப்நெயில்... பாம்பன் தெருவில் அது செய்த வேலை!

2025 மே மாதம். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பாம்பனில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பா வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பக்கத்திலேயே தம்பி, கையில் போன். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் விளையாடி, அதை வீடியோவாக யூடியூபில் போடுவான். சேனலுக்கு 300 சப்ஸ்க்ரைபர்கூட இல்லை.

"அக்கா, நீ ஆபீஸ்ல தினமும் தம்ப்நெயில் போடுறவதானே... எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடேன். பார்த்தவுடனே கை தானா போய்த் தொடணும்" என்றான்.

டிஜிட்டல் பிரிவில் வேலை பார்க்கிற எனக்கும் கொஞ்சம் பெருமைதான். அரை மணி நேரத்தில் செய்துகொடுத்தேன். சிவப்புப் பின்னணி, வாயைப் பிளந்த அவன் முகம், பக்கத்தில் மின்னும் வைரக் குவியல், மேலே மஞ்சள் எழுத்தில் '10,000 டைமண்ட் ஃப்ரீ!'. வீடியோவில் அப்படி எதுவும் கிடையாது. "ஆயிரம் சப்ஸ்க்ரைபர் வந்ததும் கிவ்அவே வைப்பேன்" என்று கடைசியில் ஒரு வரி சொல்வான், அவ்வளவுதான்.

அது தப்பு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. 'எல்லாரும் இப்படித்தானே போடுகிறார்கள்' என்றுதான் நினைத்தேன்.

நகம் அளவு படம், மலை அளவு போட்டி

தம்ப்நெயில் என்றால் கட்டைவிரல் நகம். வீடியோவைத் திறப்பதற்கு முன் நம் கண்ணில் படும் சின்னப் படத்துக்கு அந்தப் பெயர். சமையல் வீடியோ போடுகிறவர் மீன் குழம்பைக் காட்டலாம், ஊர் சுற்றுகிறவர் பாம்பன் பாலத்தைக் காட்டலாம். விளையாட்டு வீடியோ போடுகிற பையன் எதைக் காட்டுவான்? எல்லாரும் ஆடுவது அதே விளையாட்டு, அதே மைதானம், அதே துப்பாக்கி. ஆயிரம் வீடியோக்களையும் அடுக்கி வைத்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால்தான் இந்த உலகத்தில் தம்ப்நெயிலுக்கு இவ்வளவு மவுசு.

விளையாட்டுகளும் அடிக்கடி மாறின. 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் அதன் இந்திய வடிவமாக பிஜிஎம்ஐ வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடைப் பட்டியலில் சேர, பையன்கள் ஃப்ரீ ஃபயர் மேக்ஸுக்குப் போனார்கள். விளையாட்டு மாறினாலும் தம்ப்நெயில் சூத்திரம் மட்டும் மாறவில்லை. பிளந்த வாய், சிவப்பு அம்புக்குறி, வட்டம், ஆச்சர்யக்குறி!

யூடியூப் சொல்லும் கணக்குப்படி, பாதி சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் க்ளிக் விகிதம் 2 முதல் 10 சதவிகிதத்துக்குள்தான் இருக்கிறது. நூறு பேர் கண்ணில் பட்டால் இரண்டு பேரோ பத்துப் பேரோ தொடுகிறார்கள். அந்த இரண்டை மூன்றாக்கத்தான் இத்தனை பாடு.

அந்தப் படம் என்ன செய்தது?

நான் போட்டுக்கொடுத்த படம் 'வேலை செய்தது'. வழக்கமாக வருகிறவர்களைவிடப் பல மடங்கு பேர் வந்தார்கள். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. நான்காம் நாள் தெருவில் சத்தம் கேட்டது.

நாலு வீடு தள்ளி இருக்கும் எட்டாம் வகுப்புப் பையன் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறான். கீழே கமென்ட்டில் யாரோ ஒருவர், 'டைமண்ட் வாங்க இங்கே தொடவும்' என்று ஒரு லிங்க் போட்டிருக்கிறார். அது தம்பி போட்டதில்லை. யார் என்றே தெரியாது. அண்ணன் சேனல்தானே என்ற நம்பிக்கையில் பையன் அதைத் தொட்டிருக்கிறான். அம்மாவின் போன். "10,000 டைமண்ட் வாங்க ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று கேட்டதும் யுபிஐ பின் நம்பரைப் போட்டுவிட்டான். 4,800 ரூபாய் போய்விட்டது. அது அந்த அக்கா மகளிர் குழுத் தவணைக்காக வைத்திருந்த பணம். தடைக்காலத்தில், வீட்டில் வருமானம் இல்லாத மாதத்தில்.

அந்த அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. "ஒன் சேனல்னுதானே தம்பி அவன் தொட்டான்" என்று மட்டும் சொன்னார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். படத்தைப் போட்டுக்கொடுத்த நானும் அங்கேதான் நின்றேன்.

உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதிந்தோம். ஆனால் பணம் போய் ஒரு நாள் ஆகியிருந்தது. இதுவரை திரும்பி வரவில்லை. சித்தப்பாவும் நானும் ஆளுக்குப் பாதி போட்டு அந்தத் தவணையைக் கட்டினோம். தம்பி அந்த வீடியோவை அழித்தான். அதோடு சேர்ந்து, வந்த பார்வைகளும் போயின.

சித்தி சொன்ன கூடைக் கணக்கு

அன்று ராத்திரி சித்திதான் பேச்சை எடுத்தார். இருபது வருடமாக மீன் விற்கிறவர்.

"கூடையில மேல நல்ல பாரையா வைக்கிறது தப்பில்லடா. எல்லாருந்தான் வைப்போம். வாங்க வர்றவங்க செவுளைத் தூக்கிப் பார்ப்பாங்க. செவப்பா இருந்தா வாங்குவாங்க. மேல பாரைய வெச்சுட்டு அடியில பழைய ஐஸ் மீனப் போட்டுக் கொடுத்தா, இன்னைக்கு வித்துரும். நாளைக்கு அந்த ஆளு என் கூடையத் தாண்டித்தான் போவாரு, நின்னு பார்க்க மாட்டாரு."

தம்பி போனை எடுத்து, அழிப்பதற்கு முன் எடுத்து வைத்திருந்த ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினான். சித்தி சொன்னதைத்தான் அந்தக் கோடும் சொன்னது. வந்தவர்களில் பெரும்பாலானோர் முதல் நிமிடத்துக்குள்ளேயே வெளியேறியிருந்தார்கள். டைமண்டைத் தேடி வந்தவர்கள், அது இல்லை என்றதும் போய்விட்டார்கள். தொட்டுவிட்டு உடனே ஓடுகிறவர்கள் அதிகமானால், அந்த வீடியோவை மற்றவர்களுக்கு யூடியூப் பரிந்துரைப்பதும் குறையும். ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில்கள் வரை வைத்துச் சோதிக்கும் வசதியை 2024-ல் யூடியூப் கொண்டுவந்தது. அதில்கூட ஜெயித்த படத்தை முடிவு செய்வது க்ளிக் எண்ணிக்கை இல்லை; எந்தப் படத்தைப் பார்த்து வந்தவர்கள் அதிக நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதுதான்.

அதே 2024 டிசம்பரில், இந்தியாவைக் குறிப்பிட்டே யூடியூப் ஓர் அறிவிப்பும் வெளியிட்டது. தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் சொன்னது வீடியோவில் இல்லாமல் ஏமாற்றினால், முக்கியமாகச் செய்திகள் விஷயத்தில், நடவடிக்கை கடுமையாகும் என்றது.

ஏமாற்றுத் தம்ப்நெயில் எங்கள் கரைக்குப் புதிதில்லை. தனுஷ்கோடி என்று தேடிப்பாருங்கள். வெள்ளைச் சேலை உருவம், சிவப்புக் கண், 'ராத்திரியில் கேட்கும் அலறல்' என்று வரிசையாக வரும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ரயிலோடு மனிதர்களைக் கடல் கொண்டுபோன இடம் அது. எங்கள் அம்மாச்சி அந்தப் படங்கள் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அதைப் பார்த்து வளர்ந்த நானே, தம்பிக்குப் பொய்ப் படம் போட்டுக் கொடுத்தேன் என்பதுதான் உறுத்தல்.

இப்போது தம்பி எப்படிப் போடுகிறான்?

இரண்டு மாதம் சேனல் பக்கமே போகாமல் இருந்தவன், ஆகஸ்ட்டில் மறுபடி ஆரம்பித்தான். இந்த முறை ஒரு நிபந்தனை: வீடியோவில் நடக்காத எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. இருவரும் உட்கார்ந்து கற்றுக்கொண்டவை இவை.

முதலில், தருணம். வீடியோவை முழுதும் ஓட்டிப் பார்த்து, ஆடும்போது அவனே மூச்சைப் பிடித்த நொடி எது என்று தேடுகிறான். கடைசி வட்டம் சுருங்கும்போது இரண்டே தோட்டா மிச்சம், எதிரில் மூன்று பேர். அதுதான் படம். இதில் பொய் தேவையே இல்லை.

அடுத்து, எழுத்து. தமிழ் வார்த்தைகள் நீளமானவை. நகம் அளவு படத்தில் ஆறு வார்த்தை போட்டால் எறும்பு வரிசைதான். இரண்டு அல்லது மூன்று வார்த்தை போதும். 'ரெண்டே தோட்டா' என்று ஒரு படத்துக்குப் போட்டான். தடித்த எழுத்து, சுற்றிலும் கறுப்பு விளிம்பு. மெல்லிய எழுத்துருவில் கொம்பும் சுழியும் காணாமல் போய், 'ண'வும் 'ன'வும் ஒன்றாகத் தெரியும். தலைப்பில் இருப்பதையே படத்திலும் எழுதினால் இடம் வீண்.

மூன்றாவது, இடம். வலது கீழ் மூலையில் வீடியோவின் நேரம் வந்து உட்காரும். அங்கே எழுத்தோ முகமோ வைத்தால் மறைந்துவிடும். படத்தின் அளவு 1280-க்கு 720 பிக்சல். அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு.

நான்காவது, நிறம். விளையாட்டுக் காட்சி பெரும்பாலும் பச்சையும் பழுப்புமாக இருக்கும். பின்னணியைக் கொஞ்சம் மங்கலாக்கி, ஆட்ட வீரரை வெட்டி எடுத்து முன்னால் வைத்து, விளிம்பில் வெள்ளைக் கோடு கொடுத்தால் தனியாக எழுந்து நிற்கும். இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் வேண்டும் என்பதில்லை. பிக்சல்லேப், கேன்வா போன்ற செயலிகளில் போனிலேயே செய்கிறான்.

ஐந்தாவது, முகம். பிளந்த வாய் கட்டாயம் என்று நினைத்திருந்தோம். 2012-ல் விளையாட்டு வீடியோக்களில் தொடங்கி உலகின் பெரிய யூடியூபராக வளர்ந்த மிஸ்டர் பீஸ்ட்கூட, தம்ப்நெயில்களில் வாயை மூடிய பிறகு மக்கள் பார்க்கும் நேரம் கூடியதாகச் சொல்லியிருக்கிறார். தம்பி இப்போது பல்லைக் கடித்தபடி ஒரு முகம் வைக்கிறான். ஆடும்போது நிஜமாகவே அவன் முகம் அப்படித்தான் இருக்கும்!

கடைசியாக, வெயில் சோதனை. இது தம்பியின் சொந்தக் கண்டுபிடிப்பு. படத்தை முடித்ததும் போனை எடுத்துக்கொண்டு மதியம் பன்னிரண்டு மணிக்குக் கடற்கரைக்குப் போவான். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பான். அந்த வெயிலிலும் வார்த்தை படிக்கிற மாதிரி இருந்தால்தான் ஏற்றுவான். "என் வீடியோவ பார்க்குறவன் ஏசி ரூம்லயா இருக்கான், படகுலயும் பஸ் ஸ்டாண்டுலயும்தானக்கா இருக்கான்" என்பான்.

இந்தப் படங்களுக்கு அந்த 'டைமண்ட்' படத்துக்கு வந்த கூட்டம் வரவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வருகிறவர்கள் பாதி வீடியோவுக்கு மேல் இருந்து பார்க்கிறார்கள். அதே பெயர்கள் கமென்ட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. இப்போது சப்ஸ்க்ரைபர்கள் எழுநூற்றைத் தாண்டிவிட்டார்கள். விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்க்ரைபரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். தூரம் இருக்கிறது.

வந்த பணத்தை வேண்டாம் என்றான்

இடையில் ஒரு வாய்ப்பு வந்தது. வெளியூர் சேனல் ஒன்றுக்குத் தம்ப்நெயில் செய்துதரக் கேட்டார்கள். தம்பிக்கு அது முதல் சம்பாத்தியமாக இருந்திருக்கும். ஆனால் படத்தின் ஓரத்தில் பணம் கட்டி ஆடும் ஒரு செயலியின் சின்னத்தையும் 'ஜெயிச்சா காசு' என்ற வார்த்தையையும் வைக்கச் சொன்னார்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. அவற்றை விளம்பரப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். நான் இதைச் சொல்வதற்கு முன்பே அவன் மறுத்திருந்தான். "அந்த அக்கா மறுபடி வாசல்ல வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சுக்கா" என்றான்.

பெற்றோருக்கு...

* பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். இதைப் பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

* பிள்ளைகள் விளையாடும் போனில் வங்கிச் செயலி வேண்டாம். ஒரே போன்தான் என்றால், பின் நம்பர் உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.

* 'ஃப்ரீ டைமண்ட்', 'ஃப்ரீ யுசி' என்று கமென்ட்டிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் லிங்க்கைத் தொடக் கூடாது.

* பணம் போய்விட்டால் அடிக்கவோ திட்டவோ செய்யாதீர்கள். பயந்து மறைத்தால் நேரம் போகும். உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு தூரம் பணத்தை முடக்கி நிறுத்த வாய்ப்பு அதிகம்.

* பிள்ளை சேனல் நடத்தினால் தடுக்க வேண்டியதில்லை. படத்தை ஏற்றுவதற்கு முன், 'இதுல இருக்கிறது வீடியோவுல இருக்கா?' என்று மட்டும் கேளுங்கள்.

அந்த எட்டாம் வகுப்புப் பையன், இப்போது ஒன்பதாம் வகுப்பு, சாயங்காலம் ஆனால் சித்தி வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறான். தம்பி புதுப் படம் போட்டால் முதலில் காட்டுவது அவனிடம்தான். போன வாரம் நான் போயிருந்தபோது ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல மூணு பேர அடிக்கிற மாதிரி இருக்கு. வீடியோவுல ரெண்டு பேரத்தானே அடிச்சீங்க?" என்றான்.

தம்பி என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் மூன்றாவது ஆளை அழித்தான்.