உயிரெழுத்தின் மேல் ஒரு கோடு

(ஓக்லாந்திலிருந்து)

ஐக்கிய நாடுகள் சபையின் பரிந்துரையோடு நியூசிலாந்துக்கு வரும் அகதிகள் முதற்சில வாரங்கள் தங்கும் நிலையம், ஓக்லாந்தின் தென்புறத்தே மாங்கெரெ என்னும் இடத்தில் அமைந்துள்ளது. அவ்விடத்தின் பெயரில் முதல் உயிர் நெடில், ஏனையவை குறில்கள். ரோமன் எழுத்தில் அதனைச் செவ்வையாக எழுத வேண்டுமாயின் முதல் உயிரெழுத்தின் தலைமேல் ஒரு சிறு கிடைக்கோடு இட வேண்டும். பழைய வரைபடங்களில் அக்கோட்டைக் காண முடியாது. இன்றைய உத்தியோகபூர்வ ஆவணங்களில் அது உண்டு. இந்தச் சிறு கோடு அச்சிலும் கணனியிலும் இடம்பிடித்த வரலாறு, பெயரை இழந்துகொண்டிருக்கும் நமக்கும் ஒரு பாடமாகும்.

மாவோரி மொழியில் உயிர்கள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் குறிலும் நெடிலும் உண்டு. அவை நமது அ-ஆ, இ-ஈ, உ-ஊ, எ-ஏ, ஒ-ஓ என்னும் ஐந்து இணைகளே. வடமொழியில் இல்லாத எகர ஒகரக் குறில்கள் கூட அம்மொழியில் உள்ளன. நெடிலைக் காட்டும் கோட்டுக்கு 'தொஹுதோ' என்று பெயர்.

கோடு விடுபட்டால் பொருள் மாறும். 'வஹினெ' என்றால் ஒரு பெண். 'வாஹினெ' என்றால் பெண்கள். 'கெக்கெ' என்பது பிறந்தநாளில் வெட்டும் கேக். 'கேக்கே' என்பதோ அக்குள். 'விடு' என்பதற்கும் 'வீடு' என்பதற்கும் இடையே ஒரு மாத்திரைதான் வேறுபாடு என்பதை அறிந்த தமிழருக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

அச்சு வந்த காலம்

வில்லியம் கொலென்சோ என்னும் அச்சகத்தார் 1834ஆம் ஆண்டின் இறுதியில் அச்சு இயந்திரமொன்றுடன் இந்நாட்டின் வடபகுதியில் வந்திறங்கினார். 1835இல் மாவோரிச் சிறுநூலொன்றையும், 1837இல் புதிய ஏற்பாட்டையும் அச்சிட்டார். 1836 அளவில் தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணியொன்றை, மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு அவிக்கும் பாத்திரமாகப் பயன்படுத்தக் கண்டவரும் இவரே. முகைதீன் பக்ஷ் என்பவருடைய கப்பலின் மணி என்று பொறிக்கப்பட்டுள்ள அது இன்று வெலிங்டனில் தெ பப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது.

அக்கால மாவோரி நூல்களில் உயிரின் நெடுமை பொதுவாகக் குறிக்கப்படவில்லை. பேசியவர்களுக்கு அது தெரிந்திருந்தமையால் குறை வெளிப்படவில்லை. பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறி, மொழியைப் புத்தகத்திலிருந்து கற்க வேண்டிய காலம் வந்தபோதே அக்குறை பெரிதாயிற்று.

நமது எழுத்தும் இவ்வழியே வந்ததுதான். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்தது. ஆயினும் ஓலையில் எழுதியோர் புள்ளியை விட்டுவிட, 'எடு'வும் 'ஏடு'ம் ஒன்றாய் நின்றன. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தாலேயே அவை வெவ்வேறு வடிவம் பெற்றன என்பர்.

தட்டச்சும் கணனியும்

ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் நெடிற்கோடு இல்லை. ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் மாவோரி மொழி கற்பித்த புரூஸ் பிக்ஸ் என்னும் அறிஞர், உயிரெழுத்தை இருமுறை எழுதினால் போதும் என்று வலியுறுத்தினார். நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்னும் நமது இலக்கணத்தோடு இது பொருந்தும். வைகாத்தோ-தைநுயி மக்கள் இன்றும் இம்முறையையே பின்பற்றுகின்றனர். ஆனால் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மாவோரி மொழி ஆணைக்குழு கோட்டையே விதியாக்கியது.

கணனி வந்தபோது இடர் வேறு வடிவெடுத்தது. அக்கால எழுத்துத் தொகுதியில் 256 இடங்களே இருந்தன. மேலை ஐரோப்பாவுக்கென வகுத்த தொகுதியில் ஜேர்மன், பிரெஞ்சுக் குறிகளுக்கு இடம் கிடைத்தது. மாவோரிக் கோட்டுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இரட்டைப் புள்ளியிட்ட ஜேர்மன் எழுத்தின் இடத்திலே கோட்டை வரைந்து தனி எழுத்துருக்களைச் செய்தனர். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் கோடு மறைந்து இரு புள்ளிகள் தோன்றின. பாமினி எழுத்துருவில் கடிதம் எழுதியோர் இதனை நன்கறிவர். மறுமுனையில் பாமினி இல்லையேல் 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் சிதைந்து போகும்.

1991இல் வெளியான யுனிகோட் முறை, நெடிற்கோட்டு எழுத்துகளுக்கும் தமிழுக்கும் தனித்தனி இடம் வகுத்தது. அது எங்கும் பரவியபின் இயந்திரத்தைக் காரணம் காட்ட இயலாது போயிற்று. ஸ்டப் செய்தி நிறுவனம் 2017இல் கோட்டைக் கையாளத் தொடங்கியது. 2019இல் 800க்கு மேற்பட்ட மாவோரி இடப்பெயர்கள் உத்தியோகபூர்வமாக்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 300 பெயர்கள் கோடு பெற்றன.

எழுதும் முறை

பிள்ளைகளின் பாடசாலை வேலைக்கு உதவும் பெற்றோர் இதனை எளிதிற் கற்கலாம். விண்டோஸ் கணனியில் மொழி அமைப்பிற் சென்று மாவோரி விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்வரிசையில் 1க்கு இடப்புறமுள்ள விசையை ஒருமுறை தட்டி, பின்னர் உயிரெழுத்தைத் தட்டினால் கோடு வந்துவிடும். அப்பிள் கணனியில் மாவோரி விசைப்பலகையைத் தெரிந்து, ஒப்ஷன் விசையை அழுத்தியவாறே உயிரெழுத்தைத் தட்ட வேண்டும். கைத்தொலைபேசியில் உயிரெழுத்தைச் சற்று அழுத்திப் பிடித்தால் கோட்டுடன் கூடிய வடிவம் தோன்றும்.

இதிலே நமக்கும் ஒரு பயன் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி நமது ஐந்து நெடில்களையும் ரோமன் எழுத்தில் இதே கோடிட்டுத்தான் காட்டுகிறது. எனவே மாவோரி விசைப்பலகையைக் கொண்டே நமது பெயர்களின் நெடிலையும் எழுதலாம்.

நமது பெயர்கள்

கோடு இல்லாத ரோமன் எழுத்தில் கலாவும் காலாவும் ஒன்றே. கலா என்று பெயரிட்ட மகள் வகுப்பறையிற் காலாவாகி, சில ஆண்டுகளில் தானும் அவ்வாறே சொல்லத் தொடங்குகிறாள். இது ஒரு புறம். மறுபுறத்தில், பிறப்புச் சான்றிதழில் ஒருவாறும், கடவுச்சீட்டில் வேறொருவாறும், அகதி விண்ணப்பத்தில் மூன்றாவது வகையாகவும் ஒரே பெயர் எழுதப்பட்டால், அது ஒருவரா இருவரா என்ற ஐயத்துக்கு இடமாகும். வழக்கு முடியாத ஒருவருக்கு அந்த ஐயம் சிறியதன்று.

ஆகவே இரண்டையும் பிரித்து நோக்க வேண்டும். விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்கள் தமது பெயரைத் திருத்த முற்படாது, கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லாப் பத்திரங்களிலும் எழுதுவது நன்று. வேறு வடிவில் எழுதப்பட்ட பழைய பத்திரம் கைவசம் இருந்தால், அதனைச் சட்டத்தரணியிடம் முன்கூட்டியே காட்டி விளக்கம் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பிறக்கும் குழந்தைக்குப் பெயர் பதியும்போது நிலை வேறு. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் வரிகளில், சர்வதேச விதிப்படி, 26 ஆங்கில எழுத்துகளுக்கே இடமுண்டு. கோடு அங்கு உதிர்ந்துவிடும். புரூஸ் பிக்ஸ் காட்டிய இரட்டை எழுத்தோ எந்த இயந்திரத்திலும் உதிராது. நெடில் நிலைக்க விரும்பும் பெற்றோர் முதற்பதிவிலேயே உயிரெழுத்தை இரட்டித்து எழுதுவதே பாதுகாப்பானது.

ஒரு கோட்டைத் தம் நாட்டின் ஊர்ப்பெயர்ப் பதிவில் ஏற்றுவதற்கு மாவோரி மக்களுக்கு ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம் சென்றது. நமக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் பெயரை முதலில் தமிழில் எழுதிக் கொடுங்கள். குறிலையும் நெடிலையும் அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆசிரியர் தவறாக அழைக்கும்போது திருத்திச் சொல்ல அவளுக்கு அது போதும்.