யூடியூபில் இருப்பது எமது பாடமல்ல

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் கற்பிட்டி மாணவி ஒருத்தி, கையடக்கத் தொலைபேசியில் "ஆர்முடுகல்" என்று தேடினால் சில வீடியோக்கள் கிடைக்கும். "முடுக்கம்" என்று தேடினால் கொட்டோ கொட்டென்று கொட்டும். இரண்டும் ஒன்றுதான். முதலாவது எமது பாடநூலின் சொல், இரண்டாவது தமிழ்நாட்டுப் பாடநூலின் சொல். இரசாயனவியல் அங்கே வேதியியல். ஒட்சிசன் அங்கே ஆக்சிஜன். எமது கலம் அவர்களுக்கு செல், எமது ஒளித்தொகுப்பு அவர்களுக்கு ஒளிச்சேர்க்கை, எமது கொள்ளளவி அவர்களுக்கு மின்தேக்கி. பிள்ளை விளங்கிக்கொள்வாள்தான். ஆனால் பரீட்சை மண்டபத்தில் வினாத்தாள் எமது சொல்லில் வரும். பாட ஒழுங்கும் வினா கேட்கும் முறையும்கூட வேறு.

டிஜிட்டல் கல்வி என்றதும் நாம் முதலில் கேட்பது டெப் இருக்கிறதா, ஸ்மார்ட் வகுப்பறை இருக்கிறதா என்பதைத்தான். திறப்பு விழாவுக்கு ஆள் கூட்டவும், நாடா வெட்டிப் படமெடுக்கவும் அது வசதி. உள்ளே போடுவதற்கு என்ன பாடம் இருக்கிறது என்ற கேள்விக்குப் படமெடுக்க முடியாது.

அரசாங்கத்திடம் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் மும்மொழியிலும் பாடங்கள் இருக்கின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து பாடநூல்களைத் தரவிறக்கலாம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு நேத்ரா தொலைக்காட்சியில் தமிழ்மொழிப் பாடங்கள் ஒளிபரப்பாகின. இவையெல்லாம் உதவின. எனினும் அந்த நாட்களில் எமது பிள்ளைகளின் பாடசாலை உண்மையில் நடந்தது வட்ஸ்அப் குழுவில்தான். ஆசிரியர் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் படமெடுத்து அனுப்புவார். பிள்ளை கொப்பியில் செய்து படமெடுத்துத் திருப்பி அனுப்பும். நாற்பது பிள்ளைகளின் மங்கலான படங்களைச் சின்னத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கித் திருத்திய ஆசிரியைகளுக்கு அது எத்தனை மணி நேர வேலை என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை. டேட்டாவுக்கும் அவர்கள் தம் பணத்தையே செலவழித்தார்கள். 2021 ஜூலையில் ஆசிரியர் சங்கங்கள் சம்பளக் கோரிக்கையை முன்வைத்து இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது, பின்னால் இந்தக் களைப்பும் இருந்தது என்பதே என் எண்ணம்.

அதே காலத்தில் பல்கலைக்கழகங்களில் நடந்தது வேறு கதை. லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு, எல்லா அரச பல்கலைக்கழகங்களுக்கும் சூம் வசதியைச் செய்து கொடுத்தது. தொலைபேசி நிறுவனங்கள் அந்த விரிவுரைகளுக்கான டேட்டாவை இலவசமாக்கின. ஏறத்தாழ 90 வீதமான மாணவர்கள் இணைய வகுப்புகளில் பங்கேற்றதாக ஆசிய அபிவிருத்தி வங்கி பாராட்டி எழுதியது. அவர்கள் எல்லோரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அல்லர். டேட்டாச் செலவை எடுத்துவிட்டால் கிராமத்துப் பிள்ளையும் வகுப்புக்கு வரும் என்பதற்கு இது எமது நாட்டிலேயே கிடைத்த சான்று. ஆனால் பாடசாலைப் பிள்ளைகளின் சூம் வகுப்புக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவயில் பிள்ளைகள் சிக்னல் தேடி மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து பாறை உச்சிக்கு ஏறிய செய்தி உலகமெங்கும் போனது.

எமது கரையோரத்தில் பாறை இல்லை. இங்கே சிக்கல் வேறு மாதிரி. வீட்டில் இருப்பது ஒரு போன். வாப்பா கடலுக்கோ களப்புக்கோ போகும்போது அதுவும் கூடப் போய்விடும். மிஞ்சினால் முதலில் நானாவின் கைக்குப் போகும், தங்கச்சிக்கு இரவு பத்து மணிக்குத்தான் கிடைக்கும். 2019இல் நாட்டில் ஐந்து வீடுகளில் ஒன்றில்தான் கணினி இருந்தது என்கிறது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கு. மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 900 மெகாவொட் நுரைச்சோலை நிலையத்தின் புகைபோக்கி தெரியும் தூரத்திலேயே, 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் இருந்தோம்.

ஆகவே எமக்குப் பொருந்துவது எந்நேரமும் இணையத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் முறை அல்ல. ஒரு மணி நேர சூம் வகுப்பு சாதாரணமாக அரை கிகாபைட்டை விழுங்கும். அதே பாடத்தின் சாரத்தைப் பத்து நிமிடக் குரல் பதிவாக வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஓரிரு மெகாபைட்டில் முடிந்துவிடும். படத்துடன் கூடிய குறிப்பை பிடிஎஃப் ஆக அனுப்பினால் இன்னும் சில மெகாபைட். வாப்பா கரைக்கு வந்த பிறகும் அதைக் கேட்கலாம், விளங்காவிட்டால் திரும்பவும் கேட்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அது எமது ஊர்களில் அதிகம் பேசப்படவில்லை. பாடசாலை நூலகத்தில் ஒரு பழைய மடிக்கணினியையும் ஒரு ரவுட்டரையும் வைத்தால் போதும். கொலிப்ரி என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே செய்யப்பட்டது. பாடங்களையும் வீடியோக்களையும் பயிற்சிகளையும் ஒரு தடவை அதில் ஏற்றிவிட்டால், அந்த வைஃபை எல்லைக்குள் வரும் எந்தப் போனும் இணையமே இல்லாமல், ஒரு சதம் டேட்டா செலவின்றி அவற்றைப் பார்க்கலாம். நாமே தயாரித்த பாடங்களையும் சேர்க்கலாம். பத்தலங்குண்டு போன்ற தீவுகளுக்கு ஒரு பென்டிரைவில் பாடம் படகேறிப் போகும். பள்ளிவாசல் மண்டபத்திலோ மத்ரஸாவிலோ இதையே ஒரு மாலை நேரத்துக்கு இயக்கினால், வீட்டில் போன் கிடைக்காத பெண் பிள்ளைகளுக்கென்று தனி நேரமும் ஒதுக்கலாம். உலமாக்கள் முன்வந்து சொன்னால் பெற்றோரின் தயக்கமும் பாதி குறையும்.

ஆசிரியர் பற்றாக்குறைக்கு இது மாற்றாகுமா? ஆகாது. தமிழ்மொழி மூலத்தில் கணித, விஞ்ஞானப் பாடங்களுக்கு ஆசிரியர் போதாமை இம்மாவட்டத்தின் பழைய நோய். திரையை வைத்து அதை மறைக்க அதிகாரிகளுக்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது. ஆனால் நியமனம் வரும்வரை பிள்ளையின் வயது காத்திருக்காது. புத்தளம் ஸாஹிராவிலோ கற்பிட்டி அல் அக்ஸாவிலோ இணைந்த கணிதத்தை நன்றாகக் கற்பிக்கும் ஒருவரின் பாடத்தைப் பதிவு செய்தால், அது கடையாமோட்டையிலும் ஆலங்குடாவிலும் பயன்படும். திரைக்கு முன்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்க ஒரு பெரியவர் வேண்டும். அவர் அப்பாட ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை, பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் மாணவர் ஒருவரே போதும்.

பதிவு செய்ய ஸ்டூடியோவும் தேவையில்லை. ஒரு போன், ஒரு தாங்கி, சத்தமில்லாத வகுப்பறை, கழுத்தில் குத்தும் சின்ன மைக். ஆசிரியரின் முகம் தெரிய வேண்டியதில்லை, எழுதும் கை தெரிந்தால் போதும். முகம் காட்ட விரும்பாத ஆசிரியைகளுக்கும் இது இலகு. பழைய மாணவர் சங்கங்கள் இதற்கு ஒரு கொடுப்பனவு வழங்க வேண்டும். ஹதியாவாகச் செய்யுங்கள் என்று கேட்டே ஆசிரியர்களைக் களைக்கவைத்துவிட்டோம்.

முழுப் பாடத்திட்டத்தையும் ஒரேயடியாகப் பதிவு செய்யக் கிளம்பினால் மூன்றாம் வாரமே நின்றுவிடும். கடந்த பத்து வருட வினாத்தாள்களை எடுத்து, எமது பிள்ளைகள் அதிகம் தவறவிடும் அலகுகள் எவை என்று பாட ஆசிரியர்களிடமே கேட்டு, அந்த ஆறேழு அலகுகளை மட்டும் இந்தத் தவணையில் செய்யலாம். தலைப்பை "ஆர்முடுகல்" என்றே எழுதுங்கள். அடைப்புக்குறிக்குள் "முடுக்கம்" என்றும் போட்டால், தேடி வரும் பிள்ளை வழி தவறாது.