பாட்டி கேட்ட 'சந்திரலேகா'

எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறாள். ஏகாதசி தவறாதவள், வம்புக்குப் போகாதவள். ஆனால் சினிமா என்று பேச்சு வந்துவிட்டால் மட்டும் அவளிடம் யாரும் வாய் கொடுத்து மீள முடியாது. 1948-ஆம் வருஷம், பத்து வயதுச் சிறுமியாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய், ஜெமினியின் 'சந்திரலேகா'வைப் பார்த்தவள். அந்த முரசு நடனத்தைப் பற்றி ஆரம்பித்தாளானால், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் கவனிக்க மாட்டாள்!

சென்ற மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் என்றைக்கோ வாங்கிக் கொடுத்த டி.வி.டி.யைப் போட்டுக் காட்டினாள். டி.ஆர். ராஜகுமாரி வந்தார், கூடவே மழையும் வந்தது! திரை முழுவதும் கோடு கோடாகக் கீறல்கள். முரசுகளின் மேல் ஆடியவர்களின் முகமெல்லாம் மாவு அப்பினாற்போல் மங்கிக் கிடந்தது.

"ஏம்மா, பத்திரிகை ஆபீஸிலே இருக்கியே, உனக்குத் தெரியாமலா இருக்கும்? எந்தெந்தப் பழைய படமோ புதுசாட்டம் பளிச்சென்று தட்டிலே வருதாமே! நம்ம சந்திரலேகா எப்போ அப்படி வரும்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பாட்டி விடுவதாக இல்லை. "ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆச்சு. இன்னொன்று பாக்கி. கொஞ்சம் சீக்கிரம் வந்தால் தேவலை" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் வீடு திரும்பிய பிறகு அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. விசாரிக்கத் தொடங்கினேன்.

தட்டில் என்ன விசேஷம்?

பாட்டி சொன்ன 'தட்டு', ப்ளூ-ரே தட்டு. 2006-இல் கடைக்கு வந்தது. பார்வைக்கு டி.வி.டி.யைப் போல 12 சென்டிமீட்டர் வட்டம்தான். வித்தியாசம் அதை வாசிக்கும் ஒளியில் இருக்கிறது. டி.வி.டி.யைச் சிவப்பு லேசர் வாசிக்கிறது. இதை நீலமும் ஊதாவும் கலந்த லேசர் வாசிக்கிறது. ஊசி மெல்லியதாக இருந்தால் தையலை நெருக்கமாகப் போடலாம் அல்லவா? அதே சங்கதிதான். டி.வி.டி.யின் ஒரு படலத்தில் 4.7 ஜிகாபைட் அடங்கும். இதில் 25 அடங்குகிறது. நம் ஊர் டி.வி.டி.யில் ஒரு படக் கட்டத்துக்குச் சுமார் 4 லட்சம் புள்ளிகள். ப்ளூ-ரேயில் 20 லட்சத்துக்கும் மேல். 2016-இல் வந்த 4கே தட்டிலோ 80 லட்சத்தைத் தாண்டுகிறது. புடவையின் ஜரிகையும் மூக்குத்தியின் கல்லும் தனித்தனியாகத் தெரிவது இதனால்தான்.

ஆனால் தட்டு எவ்வளவு உயர்ந்ததானால் என்ன? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மூலப் பிலிம் நன்றாக இருக்க வேண்டும். கோளாறெல்லாம் அங்கேதான்.

படத்துக்கும் மூப்பு உண்டு

1950 வரையில் உலகெங்கும் சினிமாப் படங்கள் பெரும்பாலும் நைட்ரேட் பிலிமில்தான் எடுக்கப்பட்டன. அது பொல்லாத சரக்கு. பற்றிக்கொண்டால் தண்ணீரில் முக்கினாலும் அணையாது. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். பிறகு வந்த அசிடேட் பிலிமுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் உஷ்ணமும் ஈரமும் சேர்ந்தால் அது புளித்துப் போகும். டப்பாவைத் திறந்தால் கெட்டுப்போன ஊறுகாய் ஜாடியைத் திறந்தாற்போல் வினிகர் நெடி குப்பென்று அடிக்கும். பிலிம் சுருங்கி, முறுகி, உருப்படாமல் போகும். சென்னையின் வெயிலையும் கடற்காற்றையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

இதற்கு மேல் மனிதர்களின் கைங்கரியமும் உண்டு. கறுப்பு வெள்ளைப் பிலிமில் வெள்ளி இருக்கிறது. அதைப் பிரித்தெடுப்பதற்காகவே எத்தனையோ படங்களை அழித்தார்கள். பழைய வெள்ளிக் குத்துவிளக்கை உருக்கி விற்றால் வீட்டில் எவ்வளவு ரகளை நடக்கும்! படங்களுக்காக ரகளை செய்ய ஆள் இல்லை. டி.பி. ராஜலட்சுமி நடித்த 'காளிதாஸ்', 1931-இல் தமிழ் பேசி வந்த முதல் படம். அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அதே வருஷத்து ஹிந்தி 'ஆலம் ஆரா'வுக்கும் அதே கதிதான். 1964-இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஏற்பட்டு, பி.கே. நாயர் என்ற மனிதர் ஊர் ஊராக அலைந்து தேடிச் சேர்த்ததால், மிஞ்சியவை மிஞ்சின.

தீயில் வெந்து பிழைத்தவை

நம்பிக்கை தரும் கதை ஒன்றும் கிடைத்தது. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955), 'அபராஜிதோ' (1956), 'அபுர் சன்சார்' (1959) ஆகிய மூன்று படங்களையும் அறியாதவர் யார்? அவற்றின் மூல நெகட்டிவ்கள் லண்டனில் ஒரு பிலிம் லேபரட்டரியில் இருந்தபோது, 1993-இல் அங்கே தீப்பிடித்தது. கருகியும் உருகியும் கிடந்தவற்றை, 'இனிமேல் உபயோகமில்லை' என்று தெரிந்தும், அமெரிக்க அகாடமியின் காப்பகத்தார் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்தினார்கள்.

இருபது வருஷம் சென்றது. இத்தாலியில் போலோன்யா நகரத்தில் உள்ள லேபரட்டரியில், அந்தக் கருகிய சுருள்களுக்கு மருந்து கொடுத்து ஈரம் ஊட்டினார்கள், ஒட்டிக்கொண்டதைப் பிரித்தார்கள், அறுந்துபோன ஓரத் துளைகளைக் கையாலேயே ஒட்டுப்போட்டார்கள். இப்படிக் கைவேலை மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம்! இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 கட்டங்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 சதவிகிதமும் 'அபராஜிதோ'வில் 60 சதவிகிதத்துக்கு மேலும் அந்த வெந்த நெகட்டிவிலிருந்தே மீட்டார்கள். மூன்றாவது படத்தின் நெகட்டிவ் அறவே தேறவில்லை. வேறு நல்ல பிரதிகளைக் கொண்டு சரிக்கட்டினார்கள். 2015-இல் மூன்றும் தியேட்டருக்கு வந்து, அதே வருஷம் ப்ளூ-ரேயாகவும் வெளியாயின. அபுவும் துர்காவும் ரயிலைப் பார்க்க ஓடும்போது, நாணற்பூ ஒவ்வொன்றும் தெரிகிறது.

ஜெமினியில் ஆடிய 'கல்பனா'

பாட்டிக்குச் சொல்ல வேண்டிய கதை இன்னொன்றும் அகப்பட்டது. நாட்டியமேதை உதய சங்கர் எடுத்த ஒரே படம் 'கல்பனா'. நம் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்தது. 'சந்திரலேகா' வந்த அதே 1948-இல் வெளியாயிற்று. லலிதா, பத்மினி சகோதரிகள் அதில் ஆடியிருக்கிறார்கள். உதய சங்கருடன் நடித்தவர் அவர் மனைவி அமலா. படம் பல காலம் கண்ணில் படாமலே இருந்தது. புனே காப்பகத்தில் இருந்த நெகட்டிவைக் கொண்டு, அதே போலோன்யாவில் அதைச் சீர்திருத்தினார்கள். 2012 மே மாதம் பிரான்ஸில் நடந்த கான் விழாவில் அது திரையிடப்பட்டபோது, உதய சங்கர் காலமாகி 34 வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அமலா சங்கர் நேரில் வந்திருந்தார். வயது 92. தன் இளமையைத் தானே திரையில் கண்டார்.

'கல்பனா' தட்டாக வந்ததோ 2022-இல். அமலா சங்கர் 2020-லேயே காலமாகிவிட்டார். படத்துக்கும் வயதாகிறது, பார்க்கிறவர்களுக்கும் வயதாகிறது. இந்த ஓட்டத்தில் யார் முந்துவது?

காத்திருக்கும் நேரத்தில்

நாம் என்ன செய்யலாம்? வாங்கும்போது கொஞ்சம் கவனமாக இருக்கலாம். ப்ளூ-ரேக்குப் 'பிராந்தியம்' உண்டு. அமெரிக்காவுக்கு 'ஏ', இந்தியாவுக்கு 'சி'. மருமகன் ஆசையாக அங்கிருந்து கொண்டுவரும் தட்டு, நம் வீட்டுப் பெட்டியில் ஓடாமல் முரண்டு பிடிக்கலாம். 4கே தட்டுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. உறையில் 'சுத்தப்படுத்தியது' என்று போட்டிருந்தால் மட்டும் மயங்கிவிட வேண்டாம். அளவுக்கு மீறித் தேய்த்தால் பாத்திரத்தின் முலாம் போவது போல், படத்திலும் முகங்கள் மெழுகுப் பொம்மை ஆகிவிடும். சதுரமான பழைய படத்தை அகலத் திரைக்காக வெட்டி, நாயகியின் கொண்டையைக் காணாமல் அடிப்பவர்களும் உண்டு!

கேட்கவும் வேண்டும். 1964-இன் 'கர்ணன்' சீர்திருத்தப்பட்டு 2012-இல் மறுபடி வந்தபோது, சென்னையில் நூறு நாளுக்கு மேல் ஓடியது. பழைய படத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில். உங்கள் வீட்டுப் பரணிலோ, மூடிப்போன கொட்டகையின் மூலையிலோ துருப்பிடித்த பிலிம் டப்பா கிடந்தால், தயவு செய்து பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். புனேக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உலகத்தில் மிஞ்சிய ஒரே பிரதி அதுவாகவே இருந்தாலும் இருக்கும்.

இவ்வளவையும் பாட்டியிடம் போய்ச் சொன்னேன். அமலா சங்கர் கதையை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"தொண்ணூற்றிரண்டா! அப்படின்னா எனக்கு இன்னும் நாள் இருக்கு" என்றாள். பிறகு பேரனைக் கூப்பிட்டு, "டேய், அந்த இன்னொரு கண்ணுக்கு டாக்டரிடம் நாள் கேட்டு வை. படம் வருகிறபோது நான் தயாராக இருக்க வேண்டாமா?" என்றாள்.

பாட்டி தயார். படத்தை வைத்திருப்பவர்களும் தயாராக வேண்டும்.