அளவைச் சங்கிலியும் அன்றாட நேர்மையும்

மாந்தர் வாழ்க்கைக்கு இன்றியமையாதவற்றுள் அளவும் ஒன்றாகும். நெல்லை மரக்காலாலும், பொன்னைத் துலாக்கோலாலும், நிலத்தைச் சங்கிலியாலும் அளந்தே உலகம் கொடுத்தும் கொண்டும் வந்திருக்கின்றது. அளவு பொய்ப்பின் வாணிகம் பொய்க்கும், வழக்கு மிகும், ஏழை அழிவான். இதனாலன்றோ திருவள்ளுவனார் நடுவுநிலைமையைக் கூறப்புகுந்த இடத்துத் துலாக்கோலை உவமை காட்டினார்! மோசேயின் நியாயப்பிரமாணமும், பெரிதும் சிறிதுமாக இருவகைப் படிக்கற்களை ஒருவன் தன் பையில் வைத்திருத்தலாகாது என விலக்குகின்றது. ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுண்டு. அவ்விதி அங்காடிக்கென எழுந்தது. ஆலயத்தில் நிற்பவனை நோக்கும் கடவுள், தராசின்முன் நிற்பவனையும் நோக்குகின்றார் என்பதே அதன் கருத்து.

இதனை விளக்குதற்குச் சென்னையின் தென்பாலுள்ள கிண்டியும் அதன் அயலும் நல்லதொரு வரலாற்றைத் தருகின்றன. 1794-ஆம் ஆண்டில் எட்டு மாணவரோடு புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியே, பிற்காலத்துப் பொறியியற் கல்லூரியாய் வளர்ந்து, 1920-இல் கிண்டியை அடைந்தது. கிண்டிக்குத் தென்மேற்கே அண்மையில் நிற்பது பரங்கிமலை. அப்போஸ்தலராகிய தோமா இரத்தசாட்சியாய் மரித்த இடமென்று கிறிஸ்தவர் வழிவழியாகப் போற்றுவது. அம்மலையை அடுத்த சமவெளியில், 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், வில்லியம் லாம்ப்டன் என்னும் படையதிகாரி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். தெற்கே பெரும்பாக்கத்துக் குன்றுவரை சென்ற அக்கோடு ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுடையது. இந்திய நாட்டை முக்கோணங்களாற் பிணைத்து அளந்த பெருமுயற்சிக்கு அதுவே முதற்கோடு.

ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரியின், ஏனைப் பக்கங்களைக் கணக்கினால் அறியலாம். அவ்வாறு அறிந்த பக்கத்தை அடியாகக்கொண்டு அடுத்த முக்கோணத்தை அமைக்கலாம். ஆதலின் சங்கிலி பிடித்து நிலத்தில் அளக்க வேண்டுவது அடிக்கோட்டையே. மற்றவை பெரும்பாலும் கணக்கால் வருவன. அடிக்கோடு பிழைத்ததாயின், அதன்மேல் எழும் முக்கோணம் ஒவ்வொன்றும் அப்பிழையைச் சுமந்தே செல்லும்.

லாம்ப்டனின் சங்கிலி எஃகினால் ஆயது. 100 அடி நீளமுடையது. அதனை அவர் வெறுந்தரையில் இழுத்துவிடவில்லை. முக்காலிகளின்மேல் மட்டம் பார்த்து நிறுத்திய மரத்தொட்டிகளில் அதனைக் கிடத்தி, வெயில் படாவாறு கூடாரத்தால் மறைத்து, வெப்பமானிகளை உடன்வைத்து வெப்பநிலையைக் குறித்துக்கொண்டார். இவ்வாறு ஏறக்குறைய 400 முறை அளக்க வேண்டியிருந்தது. இத்துணைப் பாடு எதற்கு என்பார்க்குக் கணக்கே விடை கூறும். பாரன்ஹீட் முறையில் ஒரு பாகை வெப்பம் ஏறினால் அச்சங்கிலி நீள்வது ஓர் அங்குலத்தின் நூற்றிலொரு பங்கினும் குறைவே, கண்ணுக்குப் புலனாகாது. ஆயினும் 10 பாகை வேறுபாட்டைப் பொருட்படுத்தாது 400 முறை அளப்பின், ஏறக்குறைய 30 அங்குலம் பிழைபடும்.

நம் அன்றாட வாழ்க்கையும் இத்தகையதே. ஒருவன் ஒரே நாளில் வஞ்சகனாவதில்லை. பிறர் செய்த பரிசோதனையின் எண்களைத் தன் குறிப்பேட்டில் எழுதுகின்றான். வாராத தோழனுக்காக வருகையைக் கூறுகின்றான். சீட்டின்றி ஒரு நிலையம் வண்டியேறிச் செல்கின்றான். தனித்தனியே நோக்கின் இவை சிறியன. மாணவப் பருவமோ வாழ்க்கைக்கு அடிக்கோடு. இங்கே சேர்ந்த பிழையின்மேல், நாளை ஒரு மருத்துவன் மருந்தை அளப்பான். ஒரு பொறியாளன் பாலத்துக்குச் சிமெந்து அளப்பான். ஓர் அலுவலன் ஏழையின் மனுவை எடுத்து வைப்பான். அப்போது அதன் பயனை அனுபவிப்பவர் அவனை ஒருபோதும் கண்டறியாத பிறராவர்.

நிற்க. லாம்ப்டனிடம் சங்கிலிகள் இரண்டு இருந்தன. ஒன்று அளப்பதற்கு, மற்றொன்று அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அளக்கும் சங்கிலி உழைப்பினாலே தேய்ந்து, கணுக்கள் தளர்ந்து நீளக்கூடும். நீண்டதைத் தன்னைக்கொண்டே அது அறியாது; தன்னால் அளக்கப்படும் யாவும் சரியென்றே காட்டும். மனச்சாட்சியும் அவ்வாறே என்க. ‘என் மனத்துக்குச் சரியெனத் தோன்றிற்று’ என்பது பலர் கூறும் சமாதானம். அம்மனமே பழக்கத்தால் நீண்டிருப்பின் யாது செய்வது? அதனை ஒப்பிடுதற்குத் தேயாத அளவொன்று வேண்டும். கிறிஸ்தவனுக்கு அவ்வளவு இயேசு பெருமானின் வாழ்க்கையே. வேதம் வாசித்தலும் ஜெபமும் கடமை கழிக்கும் சடங்குகளாகாமல், நாள்தோறும் நம் சங்கிலியை அவருடையதன் அருகே கிடத்திப் பார்க்கும் செயலாதல் வேண்டும்.

அளவைக்குச் சோதனையும் உண்டு. சென்னையிலிருந்து முக்கோணங்கள் மேற்கே சென்றபின், 1804-இல் பெங்களூருக்கு அருகே மற்றொரு கோட்டைச் சங்கிலியால் அளந்தனர். சென்னைக் கோட்டிலிருந்து கணக்கிட்டு வந்த நீளத்துக்கும், நிலத்தில் அளந்த நீளத்துக்கும் இடையே கண்ட வேறுபாடு 4 அங்குலத்தினும் குறைவு. பரங்கிமலையடியில் காட்டிய கருத்து, நெடுந்தொலைவுக்கு அப்பால், ஈராண்டு கழித்து வெளிப்பட்டது. நேர்மைக்குச் சான்று அது செய்யப்பட்ட இடத்திலேயே உடனே கிட்டவேண்டுமென எதிர்பார்ப்போர் இதனைச் சிந்திப்பாராக.

இனி, பிழைபட்டார்க்கு வழியுண்டோ எனின், உண்டு. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்கு, அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றுங்கால் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் வளைந்தது. லாம்ப்டன் அதனை எறிந்துவிடவில்லை; வளையாததுபோலக் காட்டி அளக்கவும் இல்லை. ஆறு வாரம் கூடாரத்தில் அடைபட்டு, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு, வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்துப் பழைய வடிவுக்குக் கொணர்ந்தார். அக்கருவி பின்னும் பல்லாண்டு பயன்பட்டது. வரிதண்டுவோனாகிய சகேயு மனந்திரும்பியபோது கண்ணீரோடு நின்றானில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்புவதாகத் தொகை கூறினான். மனந்திரும்புதல் உண்மையாயின் அதற்கும் ஓர் அளவு உண்டு. அது கையிலிருந்து வெளியே வரும்.

ஈண்டு ஒன்றை மறைத்தலும் நேர்மையாகாது. அப்பேரளவை, 1799-இல் மைசூரை வென்ற கும்பெனியின் ஆட்சிக்கு உதவியாக எழுந்தது. சங்கிலி பொய் கூறவில்லை; ஆயினும் அது அளந்தது யாருக்காக என்னும் வினா நிற்கின்றது. செயலிற் பிழையின்மை ஒரு பாதி. அச்செயல் யாருக்கு நன்மை பயக்கின்றது என்பது மறுபாதி. கணக்கில் ஒரு காசும் தவறாதவன், வாடகை தரமாட்டாத கைம்பெண்ணைத் தெருவில் நிறுத்துதல் கூடும். அவனை நேர்மையுடையான் என்று வேதம் கூறாது. அன்பில்லாத அளவு கூரிய வாளே.

ஆகவே நண்பர்காள்! நம்மை அளக்குமிடத்து வெப்பநிலையையும் குறித்துக்கொள்வோம். பிறரை அளக்குமிடத்துச் சிறிது தாராளமாயிருப்போம். பெரும்பாலோர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். இருவகைப் படிக்கல் என்று மோசே விலக்கியது இதுவே. கல்லூரியை விட்டு வெளியேறுமுன் நம் பையைத் திறந்து, அதில் எத்தனை கற்கள் உள்ளன என எண்ணிப் பார்த்தல் நலம்.