எரிந்த கிடார், அழுத சிதார்

கலிபோர்னியாவின் மான்டரேயில் 1967 ஜூனில் நடந்த ஒரு வார இறுதி ராக் விழா. மூன்று நாட்களில் முப்பதுக்கும் மேற்பட்ட குழுக்கள். நினைவில் நின்றவை நாலைந்துதான்.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். வானம் மூட்டமாக இருக்கிறது. முந்தைய இரவு வரை ஒலிபெருக்கிகள் அதிர்ந்த அதே மேடையில் இப்போது மூன்றே பேர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சிதாருடன் ரவிசங்கர், தபலாவில் அல்லா ரக்கா, பின்னால் தம்புரா மீட்டும் கமலா சக்ரவர்த்தி. கமலா தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், இந்துஸ்தானி பாடகி லட்சுமி சங்கரின் சகோதரி.

ரவிசங்கர் எடுத்துக்கொண்ட ராகங்களில் ஒன்று பீம்பிளாசி. நம் ஆபேரிக்கு நெருங்கிய உறவு. எதிரே இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ராகம் என்றால் என்னவென்றே தெரியாது. தலையில் பூவும் கழுத்தில் மணிமாலையுமாக வந்த இருபது வயதுக் கூட்டம். ஆனாலும் ஏறக்குறைய மூன்று மணி நேரம் அது அசையவில்லை. ஏக தாளத்தில் அல்லா ரக்கா தனியாக வாசித்தபோதும் யாரும் எழுந்து போனதாகத் தெரியவில்லை. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்குக் கிளம்பும் நம் சபா ரசிகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டி.ஏ. பென்னபேக்கர் எடுத்த 'மான்டரே பாப்' ஆவணப்படம் (1968) இந்தக் கச்சேரியோடுதான் முடிகிறது. கேமரா வெகுநேரம் ரவிசங்கரைக் காட்டுவதே இல்லை. கேட்பவர்களின் முகங்களில்தான் அலைகிறது. பிறகு சிதாரும் தபலாவும் ஒன்றையொன்று துரத்தும் துன். முடிந்ததும் மொத்த அரங்கமும் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கிறது. அந்த முகங்களுக்கிடையே, கவனமாகப் பார்த்தால், சுருள் முடியுடன் ஒரு கறுப்பின இளைஞரும் தெரிகிறார்: ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். அன்றிரவு அதே மேடையில் தன் கிடாரைக் கொளுத்தப் போகிறவர்.

மான்டரேக்கு இசை விழா புதிதல்ல. அந்தப் பொருட்காட்சித் திடலில் 1958 முதலே ஜாஸ் விழா நடந்து வந்தது. ஜாஸுக்குக் கிடைக்கும் மரியாதை ராக்கிற்கு ஏன் இல்லை என்ற கேள்வியில் பிறந்ததுதான் 1967 ஜூன் 16 முதல் 18 வரை நடந்த பாப் விழா. 'மாமாஸ் அண்ட் பாப்பாஸ்' குழுவின் ஜான் ஃபிலிப்ஸும் தயாரிப்பாளர் லூ ஆட்லரும் முன்னால் நின்றார்கள். வரும் பணம் அறக்கட்டளைக்கு என்று முடிவானதால் கலைஞர்கள் சம்பளம் வாங்கவில்லை. விதிவிலக்கு ரவிசங்கர். விழா இப்படி மாறும் முன்பே அவருடன் ஒப்பந்தம் ஆகியிருந்தது. அவருக்கு 3,000 டாலர். ராக் குழுக்களுக்கு நடுவே செருகப்படாமல் ஒரு பிற்பகல் முழுவதும் அவருக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமையை விட்டுவிடலாம். சைமன் - கார்ஃபங்கல் இணை இனிமையாக முடித்துவைத்தது, அவ்வளவே. விழாவின் உண்மையான ஆரம்பம் சனிக்கிழமைப் பிற்பகல்.

டெக்சாஸ் மாநிலத்தின் எண்ணெய் ஆலை நகரம் ஒன்றில் பிறந்த 24 வயது ஜானிஸ் ஜாப்ளினை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வெளியே அதிகம் பேர் அறிந்திருக்கவில்லை. 'பிக் பிரதர்' என்ற குழுவோடு மேடையேறி, கறுப்பினப் பாடகி பிக் மாமா தோர்ன்டனின் புளூஸ் பாடல் ஒன்றை எடுத்தார். கெஞ்சல், கிசுகிசுப்பு, திடீரென்று நெஞ்சைக் கிழிக்கிற அலறல். பாட்டு முடியும்போது வேறு யாரைப் பற்றியும் பேச எவருக்கும் தோன்றவில்லை.

ஒரே ஒரு சிக்கல். படம் பிடிக்க அவர்களது மேலாளர் அனுமதி தரவில்லை. கேமராக்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. ஜாப்ளினுக்கு ஆறவில்லை. பேச்சுவார்த்தை நடந்து, ஞாயிறு இரவு அதே குழு மீண்டும் மேடையேறியது, இம்முறை கேமராவுக்காகவே. படத்தில் நாம் பார்ப்பது இந்த இரண்டாவது முறையைத்தான். பார்வையாளர் வரிசையில் பாடகி காஸ் எலியட் வாய்பிளந்து உட்கார்ந்திருக்கும் காட்சி, எந்த விமர்சனத்தையும்விட அதிகம் சொல்கிறது. ஒருமுறை பாடித் தீர்த்ததை மறுநாள் கேட்டுக்கொண்டபடி மறுபடி பாடி, அதிலும் கூட்டத்தைக் கதற வைப்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

எல்லா மேடையும் இப்படி அமையவில்லை. சனி இரவு பாடிய லாரா நைரோவுக்கு அப்போது வயது 19. தன்னைக் கூட்டம் கேலி செய்து கூச்சலிட்டது என்று நம்பி அவர் உடைந்துபோனார். அந்த வடு பல ஆண்டுகள் ஆறவில்லை. பிற்காலத்தில் பதிவு நாடாக்களைப் போட்டுக் கேட்டவர்களுக்கோ அப்படியொரு கூச்சல் கேட்கவில்லை. மேடையில் நிற்பவரின் காதுக்கு மட்டும் கேட்கும் சத்தங்களும் உண்டு போலிருக்கிறது.

அன்றிரவு கடைசியாக வந்தவர் ஓட்டிஸ் ரெட்டிங். என்னைக் கேட்டால், மூன்று நாளின் மிகச் சிறந்த மேடை இதுதான். ஜார்ஜியா மாநிலத்துக்காரர். கறுப்பின ரசிகர்கள் கொண்டாடிய சோல் பாடகர். வெள்ளை இளைஞர்கள் நிரம்பிய இப்படியொரு கூட்டம் அவருக்குப் புதிது. கிழிந்த ஜீன்ஸும் பூப்போட்ட சட்டைகளும் உலவிய இடத்தில் அவரும் பின்னணிக் குழுவும் சூட் அணிந்து, மணமேடைக்குப் போகிறவர்கள் போல வந்து நின்றார்கள். பின்னணியில் மெம்ஃபிஸ் நகரின் 'புக்கர் டி அண்ட் தி எம்ஜீஸ்'. அதில் இரண்டு கறுப்பர்கள், இரண்டு வெள்ளையர்கள். நிறப் பாகுபாடு ஊறிப்போன அமெரிக்கத் தெற்கில், 1967இல், இது சாதாரண விஷயமல்ல.

நேரம் நள்ளிரவைத் தாண்டிவிட்டது. மழை தூறியது. காவல்துறை விதித்த நேரக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போகத் தொடங்கியவர்களை முதல் பாட்டிலேயே நிறுத்தினார் ரெட்டிங். மொத்தம் பாடியது ஐந்தே பாடல்கள். கடைசிப் பாட்டு மெல்ல, தாலாட்டு போல் ஆரம்பித்தது. தாளம் அடி அடியாக ஏறி, முடிவில் காலைத் தரையில் உதைத்துக்கொண்டு அவர் பாட, கூட்டம் தன்னை மறந்தது. மேடையை விட்டுப் போக மனமில்லாமல் போனார் என்பது படத்தில் தெரிகிறது.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1967 டிசம்பர் 10ஆம் தேதி விஸ்கான்சினில் அவர் சென்ற சிறு விமானம் ஏரியில் விழுந்தது. அப்போது வயது 26. இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு பதிவு செய்த பாடல் மறு ஆண்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அவரது பாடல் எதுவும் அதுவரை அந்த இடத்தைத் தொட்டதில்லை.

ஞாயிறு இரவுக்கு வருவோம். லண்டனிலிருந்து வந்த 'தி ஹூ' குழுவுக்கும் ஹெண்ட்ரிக்ஸுக்கும் யார் முதலில் என்பதில் தகராறு. இரு தரப்பும் மேடையில் கலவரம் செய்வதில் பேர்போனவர்கள். எதிராளி செய்து முடித்த பிறகு தான் போய் நின்றால் எடுபடாது என்ற பயம். நாணயம் சுண்டப்பட்டது. 'ஹூ' குழுவுக்கு முதல் வாய்ப்பு. கடைசிப் பாட்டில் பீட் டவுன்ஷெண்ட் கிடாரைத் தரையில் ஓங்கி அடித்து உடைத்தார். புகை சூழ்ந்தது. கீத் மூன் டிரம்களை எட்டி உதைத்தார். மைக்குகளைக் காப்பாற்ற ஊழியர்கள் ஓடினார்கள்.

அடுத்து 'கிரேட்ஃபுல் டெட்' வாசித்தது. இரண்டு புயல்களுக்கு நடுவே மாட்டிய பாவம், அதை யாரும் நினைவில் வைக்கவில்லை.

ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்கரே என்றாலும் பேர் வாங்கியது இங்கிலாந்தில். அவரை அழைக்கும்படி பரிந்துரைத்தவர் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி. மேடையில் அறிமுகம் செய்தவர் ரோலிங் ஸ்டோன்ஸின் பிரையன் ஜோன்ஸ். இடது கைக்காரரான ஹெண்ட்ரிக்ஸ், வலது கைக்காரர்களுக்கான கிடாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார். பல்லால் மீட்டினார், முதுகுக்குப் பின்னால் வைத்தும் வாசித்தார். வித்தை காட்டுகிறார் என்று ஒதுக்கிவிட முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்த ஒலியின் விஸ்தாரம் புரியும். நிதானமான பாடல்களில் அவர் விரல்கள் செய்வதைக் கவனித்தால் இன்னும் புரியும். தீயைப் பற்றியே பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

கடைசிப் பாட்டுக்குக் கிடாரை மாற்றினார். தன் கையாலேயே வண்ணம் தீட்டிய ஒன்று. பாட்டின் முடிவில் அதைத் தரையில் கிடத்தி, மண்டியிட்டு, லைட்டர் திரவத்தைப் பீய்ச்சி, தீக்குச்சியைக் கிழித்துப் போட்டார். எரியும் கிடாரைத் தூக்கி அடித்து நொறுக்கித் துண்டுகளைக் கூட்டத்தை நோக்கி எறிந்தார். அந்தக் கணத்தின் வெறி அல்ல அது. மார்ச் 31 அன்று லண்டனில் ஒருமுறை இதைச் செய்து பார்த்தாகிவிட்டது. நேசிப்பதைத்தானே பலி கொடுக்க முடியும் என்ற பொருளில் அவர் பிறகு விளக்கம் சொன்னதாகக் கூறுவார்கள்.

ரவிசங்கருக்கு அது பலியாகத் தெரியவில்லை. ஹெண்ட்ரிக்ஸின் வாசிப்பை ரசித்தவர்தான். ஆனால் வாத்தியத்தை எரித்தது தன் மனதைப் புண்படுத்தியது என்று கடைசிவரை பேட்டிகளில் சொல்லி வந்தார். சரஸ்வதி பூஜையன்று வீணைக்குச் சந்தனமும் பூவும் வைக்கிறவர்களுக்கு, கால் தவறிப் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு சங்கடம் மிஞ்சுகிறது. பிற்பகலில் தூறலில் உட்கார்ந்து சிதாரை உருகி ரசித்த கூட்டமும், இரவில் நெருப்பைப் பார்த்துக் கூத்தாடிய கூட்டமும் வேறு வேறல்ல.

விழாவைத் தொலைக்காட்சியில் காட்ட ஒப்பந்தம் செய்திருந்த ஏ.பி.சி. நிறுவனம் ஹெண்ட்ரிக்ஸைப் பார்த்ததும் பின்வாங்கியது. அதனால்தான் படம் திரையரங்குகளுக்கு வந்தது, நமக்கும் முழுதாகக் கிடைத்தது. சின்னத்திரைக்கு நன்றி.

ரவிசங்கர் இரண்டாண்டுகள் கழித்து, 1969 ஆகஸ்ட் 15 இரவு, வுட்ஸ்டாக் விழாவிலும் மழையில் வாசித்தார். எதிரே கடல் போல் கூட்டம். சேற்றில் கிடந்தவர்களைப் பார்த்தபோது நம் ஊர் எருமைகள்தான் நினைவுக்கு வந்தன என்று பின்னர் வருத்தத்தோடு சொன்னார். மான்டரேயில் இருந்த கவனம் அங்கே இல்லை. ராக் விழாக்களிலிருந்து விலகத் தொடங்கினார். ஹெண்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பர் 18இல் இறந்தார், ஜாப்ளின் அதே ஆண்டு அக்டோபர் 4இல். இருவருக்கும் வயது 27. ரவிசங்கர் 92 வயதுவரை இருந்தார். 2012 டிசம்பரில் சான் டியாகோவில் மறைந்தார்.

பொன்விழாவுக்காக 2017 ஜூனில் அதே மான்டரே திடலில் மறுபடி மேடை போட்டார்கள். பாட வந்தவர்களில் ஒருவர் நோரா ஜோன்ஸ், ரவிசங்கரின் மகள்.